ஸ்டேஷன் பிடித்த மத்தியானம்

குன்னத்துகால்,
1954 டிசம்பர், கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம்

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு ஆனந்தபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மாமியும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கொழும்பில் உங்கள் உடம்புக்கு எப்படி, கடையில் வேலை கூடுதலா என்று அறிய ஆசை.

உறையில் தூத்துக்குடி முத்திரையைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். இங்கே தபாலில் போடுகிற கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதாகப் பேச்சு. நம் ஊர் லாரிக்காரர் சோமன் புளி லாரியோடு தூத்துக்குடிக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அதனால் எதையும் மறைக்காமல் எழுதலாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

முதலில் இதைக் கேட்கிறேன். என் தம்பி எலியா அங்கே உங்களிடம் வந்து சேர்ந்தானா?

நடந்தது இதுதான். போன வருஷம் நீங்கள் கொண்டுவந்த ரேடியோவில் ராத்திரியானால் கொழும்பு தெளிவாகக் கேட்கும். உங்கள் ஊர்ச் சத்தம் கேட்கிறது என்று மாமி முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆகஸ்டில், நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டுப் போனவர்கள் மேல் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தின பிறகு அதெல்லாம் நின்றுபோனது. நாலு பேர் சேர்ந்து தமிழ்ச் செய்தி கேட்டாலே கூட்டம் போட்டதாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ராத்திரியில் சத்தம் ரோடு வரைக்கும் போகும். பகலிலோ தூரத்து நிலையம் எதுவும் எடுக்காது, எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டது மாதிரி பொரியும், அவ்வளவுதான்.

இந்தக் குளிர் தொடங்கின பிறகு ஒருநாள் நடுமத்தியானத்தில் திருச்சி மெல்லக் கேட்டது. வெயிலுக்குப் பலம் குறைகிற மாதங்களில் பகலிலும் தூரத்து நிலையம் கேட்பதுண்டு என்று ஈசாக் வாத்தியார் சொன்னார். எலியாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பையும் பகலில் கேட்டுவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரேடியோவின் ஏரியல் கம்பியைக் கொண்டுபோய் அயினி மரத்தின் உச்சியில் கட்டினான். நான் உள்ளே உட்கார்ந்து முள்ளை மெல்லத் திருப்பினேன். அத்தான், பட்டப்பகலில் கொழும்பு வந்தது! யாரோ ஒரு பெண் பிள்ளை சிரித்துப் பேசுகிறாள். நான் கைதட்டினேன்.

எலியா மர உச்சியிலிருந்து, எதிரே டீக்கடை ராஜப்பன் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, ஸ்டேஷன் பிடிச்சாச்சு! ஆளுவளையெல்லாம் கூட்டிட்டு வாருங்கோ!" என்று கூவினான்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ரெண்டு போலீஸ்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கே எந்த ஸ்டேஷனைக் கொளுத்துவார்களோ என்று அவர்களும் பயந்துகொண்டு அலைகிற காலம். அவர்கள் காதில் ஸ்டேஷன் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தானே. ராஜப்பன் அண்ணன் சட்டையைப் பிடித்து, "ஏது ஸ்டேஷனாடா பிடிச்சது?" என்று கேட்டார்கள். அவர் வெள்ளை மனசு. "கொழும்பு ஆக்கும் சாரே" என்றார். தங்களைக் கேலி செய்கிறான் என்று நினைத்து அங்கேயே போட்டு அடித்துவிட்டார்கள். இன்னும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். வேறு சமயமாக இருந்தால் ஊரே வயிறு வலிக்கச் சிரித்திருக்கும்.

எலியா பின்பக்கமாக இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். ஆகஸ்டில் கொடி பிடித்து ஜாதா போனவர்களில் அவனும் உண்டு, பிடித்தால் விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். போகிற போக்கில் அடுக்களை வாசலில் நின்று, "அக்கா, நான் அத்தான்கிட்ட போறேன், அழாதே" என்றான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது கார்த்திகை நடுவில். அப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தூத்துக்குடிப் பக்கம் கள்ளத்தோணி ஏறியிருப்பான் என்று சோமன் சொல்லுகிறார். வழியில் பிடித்து எங்கேயோ வைத்திருக்கிறார்கள் என்று வேறு சிலர். போன வாரம் ஆற்றில் ஒரு ஆள் ஒதுங்கியிருப்பதாகப் பேச்சு வந்தது. ராஜப்பன் அண்ணன் அந்தக் காலை வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம பய இல்ல மக்கா" என்றார். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு அது யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்துக் கூசிப்போனேன்.

எலியா ஓடின அன்று சாயந்தரமே போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். கம்பியை அறுத்துக்கொண்டு போனார்கள். அதன் வழியாக நாங்கள் மெட்ராசுக்குச் செய்தி அனுப்பினோமாம். ரேடியோ மட்டும் அகப்படவில்லை. மாமி அதைப் பத்தாயத்தில் நெல்லுக்குள் புதைத்து, மேலே மரச்சீனிக் கிழங்கைக் கொட்டி, பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவைச் சாது என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

இப்போது துணி காயப்போடும் கொடிக்கயிற்றோடு ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றியிருக்கிறேன். மத்தியானம் ரோட்டில் ஆள் குறைந்ததும், மேலே போர்வையைப் போட்டு ரேடியோவில் காதை ஒட்டிக்கொள்வேன். வெளியே சத்தம் போகாதிருக்க மாமி வெறும் உரலை இடிப்பார். அவர் இடிக்கிற இடியில் எனக்குத்தான் பாதி கேட்பதில்லை. ஜீப் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுவேன். ஆனாலும் கொழும்பு வருகிறது, அத்தான். இழுத்து இழுத்து, மங்கி மங்கி வருகிறது.

அங்கே மத்தியானத்தில் ஆட்களின் பெயரைச் சொல்லிப் பாட்டுப் போடுகிறார்களே. எலியா உங்களிடம் வந்திருந்தால் எனக்குக் கடிதம் போட வேண்டாம். இங்கே வந்தால் பிரித்துவிடுவார்கள். ரேடியோக்காரர்களுக்கு எழுதிச் செல்லபாய் என்ற பெயரில் ஒரு பாட்டுப் போடச் சொல்லுங்கள். அது எங்கள் அம்மா பெயர் என்று போலீசுக்குத் தெரியாது. அம்மா போன பிறகு அவனை நான் இடுப்பில் வைத்து வளர்த்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் காதில் விழுந்தால் போதும், அவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சீக்கிரம் செய்யுங்கள். தை முடிந்து வெயில் ஏறினால் பகலில் கொழும்பு கேட்காது என்கிறார் வாத்தியார். பாட்டரியும் இறங்கிக்கொண்டே வருகிறது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் மனசு எனக்குத் தெரியும். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கஞ்சி குடித்தார், சிரித்துப் பேசினார் என்று மாமிக்குச் சொல்லியனுப்பினீர்கள். அன்றைக்கு அவர் கண்ணே திறக்கவில்லை. மாமி அதற்காக இன்றும் உங்களைக் கோபிக்கவில்லை. நான் அப்படி இல்லை. எலியா வரவில்லையென்றால், நான் அழுவேனே என்று இரங்கி அம்மா பெயரைச் சொல்ல வைத்துவிடாதீர்கள். நான் நம்பிவிடுவேன், அத்தான். நம்பிக்கொண்டு அவனைத் தேடாமல் இருந்துவிடுவேன். ஒன்றும் கேட்காவிட்டால், கேட்கிறவரைக்கும் காதை வைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் இங்கே கேரல் பாட்டு கிடையாது. சபையார் யாரும் வீடு வீடாகப் போகவில்லை. நீங்கள் அங்கே கோவிலுக்குப் போங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. உங்கள் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து இதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனையும் காப்பாராக. முதலில் அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
ஆனந்தபாய்