நீட்டிய கை

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் கல்லூரிக் கபடி அணியில் லெஃப்ட் கார்னரில் நிற்கும் பாண்டியும் இன்று டி.சி. கேட்டு வந்துவிட்டான். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று அவனை ஹாஸ்டல், சாப்பாடு, பிறகு வேலை என்று சொல்லி அழைத்திருக்கிறது. இந்த வருடம் இப்படிப் போகிற மூன்றாவது ஆள். பழக்குவது நான், கோப்பை தூக்குவது வேறு கல்லூரிகளா?

"கோவிச்சுக்கிறாதீங்க சார். வீட்டுலயும் போகச் சொல்றாக," என்றான். அவன் அப்பா மேலூரில் கல் உடைக்கிறவர். "நல்லாயிருப்பா," என்றேன்.

மாலைப் பயிற்சியில் அவன் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவனை நிறுத்தினேன். பக்கத்தில் முருகேசன். இரண்டு வருடமாக அவனும் பாண்டியும் கைகோத்துத்தான் ஆள் பிடிப்பார்கள். ரைடர் பாடி வந்ததும் முருகேசன் திரும்பிப் பார்க்காமலே இடது கையை நீட்டினான். புதியவனுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. ரைடர் இருவரையும் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

"அவனையும் பழக்கி விடுப்பா," என்றேன்.

"பழக்குறேன் சார். இவன் எம்புட்டு நாளைக்கு இருப்பான்?" என்றான் முருகேசன்.

நீ எவ்வளவு நாள் இருப்பாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.