பெட்டி விழிக்கிற வரைக்கும் டீ

மாதாந்திர மின்தடை முடிந்து இன்று மதியம் கரண்ட் வந்தபோது, உன் அறை அலமாரியின் மேல் இருக்கும் கறுப்புப் பெட்டி ஒரு முறை ‘பீப்’ என்றது. அந்த ஒலி கேட்டதும் வராந்தாவில் சாக்குகளோடு இருந்த பண்ணைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்து டீ வரும் என்பது அவர்கள் கணக்கு. நீ கண்ணை மூடி ஓர் ஆடி கடந்துவிட்டது. நீ பழக்கிவிட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

சேந்தமங்கலம் சாலையில் இந்தக் கோழி நோய் ஆய்வுக்கூடத்தை நாம் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். கால்நடைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. மதிப்பெண்ணில் எப்போதும் நான் உனக்கு மேலே. அது இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. செத்த கோழியைச் சாக்கில் போட்டு எடுத்துவருகிறவர்கள், என் மேசை காலியாக இருந்தாலும் உனக்காகக் காத்திருந்தார்கள். உன்னை ‘அம்மணி’ என்றார்கள். என்னை ‘மேடம்’ என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை வாங்கிக்கொண்டு நேரே உன்னிடம் போய், “மேடம் ராணிக்கெட்டு நோவுன்னு எழுதிருக்காங்க, சரிதானுங்களா அம்மணி?” என்று கேட்டவரும் உண்டு. நீ அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், “அவ எழுதுனா தப்பாதுங்கண்ணா” என்றாய். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு அதிகம் எரிந்தது.

மின்தடை நாட்களில் கரண்ட் வந்ததும் நீ மோடத்தையும் அந்தப் பெட்டியையும் மட்டும் போடுவாய். நம் கணினிகளின் பேக்கப் தினமும் போய்ச் சேரும் பெட்டி அது. மற்ற எதையும் தொடவிடமாட்டாய்.

“பொட்டி மொதல்ல முழிக்கட்டும் புள்ள. அதுக்குள்ள ஒரு டீ குடிச்சரலாம், வா.”

“எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா என்னடி?”

“நம்மளையாட்டவே அதுக்கும் எந்திரிக்க நேரமாகுமல்ல.”

டீக்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் உன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்துவிடுவாய். தீவன விலை, முட்டை விலை, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு ஓமலூர் போனாள் என்பது வரை பேச்சு ஓடும். நான் அணைந்துகிடக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ போன பிறகு நான் மெயின் சுவிட்சைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். வேலை சீக்கிரம் தொடங்கியது. நுண்ணோக்கியோடு இணைந்த கணினியின் மூலையில் பேக்கப் தோல்வி என்று ஒரு சிவப்புக் குறி வந்துகொண்டிருந்தது. பேக்கப் உன் வேலை என்று விட்டுவிட்டேன். சில நாட்களுக்கு முன் அதே கணினிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது. சர்வீஸ்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

“டிஸ்க் போகப்போகுதுங்க மேடம். எப்ப வேணா நின்னுரும். பேக்கப் இருக்குதில்லீங்க?”

சிவப்புக் குறியைச் சொன்னேன்.

“அப்ப அந்தப் பொட்டியும் போயிருக்கும். ரெண்டையும் மாத்திருங்க.”

பார்க்காமலே மாற்றச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் உடனே எழுந்து எதையும் பார்க்கவுமில்லை. அந்த டிஸ்கில் இருப்பவை பெரும்பாலும் உன் படங்கள். அறுத்த கோழிகளின் ஈரல், மூச்சுக்குழாய், முட்டைப்பை. இளம் டாக்டர்கள் வந்து அவற்றைப் பார்த்துப் படிக்கிறார்கள். என் படங்களும் இருக்கின்றன, யாரும் திறப்பதில்லை. பென் டிரைவில் அடங்குகிற அளவில்லை. நின்றால் நிற்கட்டுமே என்று தோன்றியது. நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். பிறகு இங்கே என் படங்கள், என் அறிக்கைகள், நான். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அப்போதுதான் கந்தசாமி அண்ணன் சாக்கோடு வந்தார். “தெனமும் சாவுதுங்க மேடம். தீனி என்னமோ நல்லாத்தான் திங்குது.”

அறுத்துப் பார்த்தேன். ஒரு சிறுநீரகம் வீங்கியிருந்தது, மற்றது காய்ந்து சுருங்கியிருந்தது. எங்கோ பார்த்த நினைவு. கணினியில் தேடித் திறந்தால், உன் படம். அதே சிறுநீரகம், குழாயில் அடைத்திருந்த வெள்ளைக் கல், அதைச் சுட்டும் கையுறை போட்ட உன் சுண்டுவிரல். என் கோழியிலும் அந்த இடத்தைக் கீறினேன். கல் இருந்தது. தீவனத்தில் சுண்ணாம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். போன பிறகும் விரலை நீட்டி எனக்குச் சொல்லித் தருகிறாய். அந்த எரிச்சலோடுதான் பெட்டியின் பக்கம் போனேன்.

பெட்டியில் விளக்குகள் எரிந்தன. கேபிளை மாற்றிப் பார்த்தேன், அதே சிவப்பு. பாஸ்வேர்டு சரி. பேக்கப் நெட்வொர்க்கில் எந்த முகவரி எண்ணுக்குப் போகிறது என்று பார்த்து, அதைப் பிரவுசரில் அடித்தேன். திரையில் பெட்டியின் பக்கம் வரவில்லை. ‘மை குறைவு’ என்று ஒரு பக்கம் வந்தது. அது பில் மேசையில் இருக்கும் பிரிண்டர். இத்தனை மாதமாக இந்தக் கணினி தினமும் மாலையில் பிரிண்டரின் கதவைத் தட்டி, உன் படங்களை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

பிறகு புரிந்தது. கரண்ட் போனால் நம் மோடம் எந்தக் கருவிக்கு எந்த எண் என்பதை மறந்துவிடுகிறது. திரும்ப வந்ததும், யார் முதலில் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு முதல் எண்ணைக் கொடுக்கிறது. பெட்டி மெதுவாக விழிக்கும், பிரிண்டர் முந்திக்கொள்ளும். நீ டீ குடித்து முடிக்கும்வரை பிரிண்டர் அணைந்தே கிடந்தது. காரணம் உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்த எண்ணை மாறாதபடி வைத்திருப்பாய், சின்ன வேலைதான். அல்லது தெரிந்தே, இந்த டீக்காக, வைக்காமல் விட்டாயா? அப்படியிருந்தால் இன்னும் பொறாமையாக இருக்கிறது.

அந்த எண்ணை நான் மாறாதபடி வைத்துவிட்டேன். அன்று மாலை தொடங்கி மறுநாள் வரை படங்கள் போய்க்கொண்டிருந்தன. டிஸ்க் அதுவரை தாக்குப்பிடித்தது.

அதன் பிறகு வந்த முதல் மின்தடை இன்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். பெட்டி தன் எண்ணிலேயே விழித்தது. ஆனால் ‘பீப்’ கேட்டு பக்கத்து டீக்கடைக்காரர் தட்டோடு வராந்தா ஏறிவிட்டார். கந்தசாமி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பொட்டி முழிச்சிருச்சுங்களா மேடம்?”

“முழிச்சிருச்சுங்க. இனிமே அதுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்ல. நம்பரை மாறாம வச்சுட்டேன்.”

“அப்படீங்களா” என்றார். “டீ ஆறுதுங்க. வாங்க.”

போனேன். உன் நாற்காலி காலியாக இருந்தது. உட்காரவில்லை, நின்றபடியே குடித்தேன். பண்ணையில் சாவு நின்றுவிட்டது என்று அவர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “மேடந்தான் கல்லக் கண்டுபுடிச்சாங்க.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் விரலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

இஞ்சி தட்டிப் போட்ட டீ. நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் இதை நீ மட்டும் குடித்திருக்கிறாய்.