வாயை மூடிக் குடித்த மஞ்சள் பால்

பிப்ரவரி 10, திங்கள்

குரல் போய்விட்டது. சனிக்கிழமை தண்ணீர் லாரிக்காரனோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்றதில் தெருவுக்கே குடம் நிறைந்தது. எனக்குத் தொண்டை காலி.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதுங்க. குசுகுசுன்னுகூட வேண்டாம். மீறிப் பேசுனா கரகரப்பு அப்படியே நின்னுரும். காலையும் சாயங்காலமும் மஞ்சள் பால் குடிங்க" என்றார். "இவங்களால முடியுங்களா?" என்று கேட்டது என்னை இல்லை, இவரை. இவர் சிரித்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர் வாய்விட்டுச் சிரித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று என் தொண்டைக்காக.

பேச முடியாததை எல்லாம் எங்கே போய்க் கொட்டுவது? இவர் வேலை பார்க்கிற மண்டியில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மஞ்சள் பால் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். இவர் மண்டியிலிருந்து வந்தார், டம்ளரை எட்டிப் பார்த்தார், நின்றுவிட்டார்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, ஈரோடு மஞ்சள் மண்டியில் இருபத்தெட்டு வருஷமாகத் தரம் பார்ப்பவர். விரலி மஞ்சளை ஒடித்த சத்தத்திலேயே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவாராம். வீட்டில் மட்டும் "ம்", "சரி", "போதும்" என்கிற மூன்றை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்.

"இது என்ன தூளு?"

பாக்கெட்டைக் காட்டினேன். அவர் அம்மாவை நான் திட்டிவிட்டதைப்போல் முகம் போனது. "மஞ்ச மண்டிக்காரன் பொண்டாட்டி கடைத்தூளப் போட்டுக் குடிக்கறான்னு வெளிய தெரிஞ்சா என்ற மானம் என்னத்துக்கு ஆகும்? நாளையில இருந்து நான் போட்டுத் தாரேன்."

கேஸ் லைட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுசன்!

பிப்ரவரி 12, புதன்

மிக்ஸி செத்துப்போனது.

முதல்தரமான விரலி கொண்டுவந்தார். ஒடித்தார், மோந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முழுசாக நாலைந்து விரலியை மிக்ஸியில் போட்டுத் திருகிவிட்டார். கருங்கல் ஜல்லி அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். மிச்சத்தை உரலில் போட்டு இடித்தார். பாதி தூள், பாதி கல். அதில் இரண்டு ஸ்பூன் நிறையப் பாலில் போட்டார். கால் ஸ்பூன் போதும் என்று விரலைக் கிள்ளிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சமா?" என்று இன்னும் கொஞ்சம் போட்டார்.

காது மடல் வரைக்கும் கசந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

கொதிக்கிற பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டார். திரிந்துபோனது. வடிகட்டி, "மருந்துதான, குடி" என்றார். குடித்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கறிவேப்பிலைச் செடிக்கு நேற்றுச் சாயங்காலம் அரை டம்ளர் ஊற்றினதைப் பார்த்துவிட்டார் போல. இன்று நான் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியாமல் பேச ஆரம்பித்தார்.

முதலில் சரக்கு வரத்து, ஈரப்பதம். சரி, கேட்டுக்கொண்டேன். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "செவ்வாக்கெழமையானாக் கொள்ளுப் பருப்பு கடையற பாரு, எனக்குக் கொள்ளே புடிக்காது" என்றார்.

இருபத்தாறு வருஷம்! செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கொள்ளு வேகவைத்து, கடைந்து, மிச்சத்தண்ணியில் ரசம் வைத்து — இரண்டாம் தரம் வாங்கித் தின்றாரே! நான் வாயைத் திறந்தேன். இவர் தன் உதட்டில் விரலை வைத்து, "டாக்டரு சொன்னது" என்றார்.

அநியாயமா இல்ல? அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? இதை நான் டைரியில் எழுதி யார் படிக்க?

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் வேட்டியில் மஞ்சள் பாலைக் கொட்டிக்கொண்டார். நான் பார்ப்பதற்குள் தானே துணி சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசாமல் கொடியில் போட்டுவிட்டார். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? செக்கச்செவேல் என்று இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வசந்தாமணி, ஒரு வாரமா உன்ற சத்தத்தையே காணோமேன்னு நெனச்சேன். என்ன கண்ணு ஆச்சு? யாரு யார அடிச்சது?"

நான் இல்லை இல்லை என்று கையாட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"அட சாமி! கழுத்தப் புடிச்சாரா?"

அவசரமாக டம்ளரைத் தூக்கிக் காட்டினேன்.

"பால்ல என்னத்தக் கலந்து குடுத்தாரு?"

அந்த நேரம் பார்த்து இவர் கையில் இடிகல்லோடு வெளியே வந்தார். அக்கா இரண்டடி பின்னால் போனார். இவர் பதறிப்போய் லாரியில் ஆரம்பித்து டாக்டர், மிக்ஸி, வேட்டி என்று பத்து நிமிஷம் நிறுத்தாமல் விளக்கினார். அக்கா வாயைப் பிளந்து கேட்டார். "உன்ற வீட்டுக்காரருக்குப் பேச வருமா?" என்றுதான் கடைசியில் கேட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்றைக்குப் பால் நன்றாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கால் ஸ்பூன் தூளையும் தட்டின மிளகையும் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பச்சை வாடை போனதும் பாலை ஊற்றி, இறக்கின பிறகு பனங்கற்கண்டு. மண்டியில் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார்.

நான் குடிக்கக் குடிக்க இவர் சொன்னார்: "எனக்கொரு தங்கச்சி இருந்தா. வேலாத்தா. ஒம்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டா. நம்ம புள்ள பொறந்தப்ப அந்தப் பேர வெக்கோணும்னு இருந்தேன். ஆசுபத்திரிக்கு வந்து பாத்தா நீ நிவேதான்னு எல்லாத்துக்கும் சொல்லி முடிச்சுட்ட. சரின்னு விட்டுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, நின்றது என்கிற மாதிரி சொன்னார்.

தங்கை செத்துப்போனது எனக்குத் தெரியும். பேர்கூடக் கேட்டதில்லை நான். எனக்கு அழுகை வந்தது. மிளகுக் காரம் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை எடுக்கப் போனார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கொள்ளு வைக்கவில்லை. பச்சைப்பயறு கடைந்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கொள்ளையும் இப்படித்தானே வாங்கிச் சாப்பிட்டார்? இவர் சாப்பிடுவதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சொன்னால்தான் உண்டு.

பிப்ரவரி 19, புதன்

குளிக்கும்போது சும்மா "அ" என்று பார்த்தேன். கணீரென்று வந்தது. "ஆ"வும் வந்தது.

வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நான் வாயைத் திறந்தால் இவர் மூடிக்கொள்வார். மறுபடி "ம்", "சரி", "போதும்". இருபத்தாறு வருஷமாக இவருக்குப் பேச்சு வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, நடுவில் மூச்சு விட இடம் கொடுத்தேனா நான்? எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

"பத்து நாளாச்சு. டாக்டர்கிட்டப் போலாமா?" என்றார். தொண்டையைத் தொட்டு, முகத்தைச் சுளித்துக் காட்டினேன். திருட்டு முழி முழித்திருப்பேன். இவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பால் காய்ச்சப் போனார்.

இன்றைக்குச் சொன்னது: கல்யாணமான புதிதில் மஞ்சள் லோடு ஏற்றின லாரியில் மகாராஷ்டிராவில் சாங்லி வரைக்கும் போய், திரும்பி வர மனசில்லாமல் நான்கு நாள் அங்கேயே சுற்றினாராம். என்னிடம் "லாரி பிரேக்டவுன்" என்று சொன்ன நான்கு நாள் அது!

கேட்க ஆயிரம் கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

பிப்ரவரி 22, சனி

சாயங்காலம் டம்ளரைக் கையில் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு வாய் குடித்ததும் சொன்னார்:

"மூணு நாளாத் தூக்கத்துல பேசற நீ."

"என்னன்னு பேசுனேன்?"

வெளியே வந்துவிட்டது. கணீரென்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி. இவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"பாதி என்னத்தான் திட்டற. மீதி புரியல."

"அப்ப இருந்தே குரல் வந்தது தெரியுமா? ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டுட்டு இருந்த. அதெதுக்குக் கெடுக்கறதுன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். அவ்வளவுதான், இவர் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். கொள்ளு, மிக்ஸி, சாங்லி, பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்த பதில்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"வேலாத்தா எப்படி இருப்பா?" என்று மட்டும் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

இவர் நின்றார். நாற்காலியை முன்னைவிடக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பல்லு ரெண்டு முன்னால தூக்கிட்டு இருக்கும்" என்று ஆரம்பித்தார். நடுவில் இரண்டு தடவை நான் வாயெடுத்தேன். இரண்டு தடவையும் "இரு புள்ள, நான் சொல்லி முடிச்சுக்கறேன்" என்றார்.

இருந்தேன். பால் ஆறி ஆடை கட்டிவிட்டது.