அப்பா போட்ட மூன்று மார்க்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் இப்போது சுகம். 'இப்போது' என்று ஏன் எழுதினேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும், பாதியில் பதறிப்போய் போனை எடுக்காதே, முழுதும் படித்துவிட்டு எடு. உன் சுகத்தை வழக்கமாக முதல் வரியிலேயே கேட்டுவிடுவேன், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவின் பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னோம் இல்லையா, அது பொய் இல்லை, ஆனால் முழுக்கதையும் அது இல்லை. போனில் எப்படிச் சொல்வது, நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அதெல்லாம் எதுக்கு அவகிட்ட" என்று கண்ணை உருட்டுகிறார். அதனால்தான் கடையில் உட்கார்ந்து, தையல் மெஷின் பலகை மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். கை வைக்காத சட்டையும் காலர் இல்லாத சட்டையுமாக என்னைச் சுற்றி ஒரு குவியல் கிடக்கிறது, கிடக்கட்டும். சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றுதான் சர்ஜன் ஆரம்பித்தாராம், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் வலது விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்தே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் வெளியே வந்து சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும் உன் அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா, "கண்ணாடி எங்க?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டிலில் இருந்து இறங்குகிற சொட்டை எண்ணி, அது எப்போது தீரும் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். சரி, கணக்கு வாத்தியார் திரும்பி வந்துவிட்டார் என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அவருக்குத்தான் மூச்சுவிட முடியவில்லை, அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அங்கே நர்ஸ்கள் வேளாவேளைக்கு வந்து, "வலி எவ்வளவு சார், பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறார்கள். யாரிடம் போய் மார்க் கேட்கிறார்கள் பார். பள்ளிக்கூடமே 'அரை மார்க் சார்' என்று பேர் வைத்த மனுஷன். இவர் கையால் பத்துக்கு ஏழு வாங்கினவன் அதைக் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், உனக்குத் தெரியாததா. என் சமையல் இன்றுவரை ஆறைத் தாண்டவில்லை. நர்ஸ் கேட்டால் அவர் யோசித்து, உதட்டைப் பிதுக்கி, "மூணு" என்பார். அடுத்த வேளையும் மூணு. ஒரு தடவை தாராளம் காட்டி மூணரை. நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விடும். மூன்றுதானே என்று அவர்களும் வலி மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், அவர்கள்மேல் என்ன தப்பு. பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர், வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு "பத்து" என்பார். அவருக்கு ஊசி வந்தது, அவர் எழுந்து வராந்தாவில் நடந்து எல்லாரிடமும் ஊர்க்கதை பேசினார். உன் அப்பா அதைப் பார்த்து என் காதில், "வாரி எறைக்கறான் பாரு மார்க்க, இப்பவே பத்து போட்டுட்டா நாளைக்கு இதவிடப் பெரிய வலி வந்தா என்னத்தப் போடுவான்?" என்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அப்போது.

அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மரக்கட்டை மாதிரி மல்லாந்தே கிடந்தார், புரளவில்லை. உறிஞ்சினால் உருண்டை மேலே ஏறுகிற பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பழகச் சொன்னார்கள். முதல் உருண்டை லேசாக ஆடியதும் "இன்னிக்கு இது போதும்" என்று என்னிடம் நீட்டிவிட்டார். இருமல் வந்தால் அதையும் தொண்டையிலேயே பிடித்து விழுங்கினார். காய்ச்சல் ஏறியது, முகம் சாம்பல் பூத்துப்போயிற்று, விரலில் மாட்டியிருந்த கருவி கத்திக்கொண்டே இருந்தது. டியூட்டி டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வலது பக்கம் நுரையீரலின் அடிப்பாகம் விரியவே இல்லை, சளி கட்டுகிறது, இப்படியே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் குழாய் போட வேண்டிவரும் என்றார். சொல்லிவிட்டு அவரும் கேட்டார், வலி எத்தனை என்று. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு உன் அப்பா சொன்னது, மூணு. எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் பிழைப்பாரா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னாயே, வலி எத்தனை என்று கேட்பதோடு விட்டுவிடக் கூடாது, வலியால் என்ன செய்ய முடியவில்லை என்று பார்க்க வேண்டும், இருமச் சொல்ல வேண்டும், மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும், புரண்டு படுக்கச் சொல்ல வேண்டும் என்று. இது நம் கடையிலிருந்து எடுத்ததுதான் என்றுகூடச் சிரித்தாய். வாஸ்தவம்தான், சட்டை பிடிக்கிறதா என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை, "சரியா இருக்கு" என்று கூச்சப்பட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் கேட்பதில்லை, கையைத் தூக்குங்கள், குனிந்து எதையாவது எடுங்கள் என்பேன், அக்குளில் இழுப்பது அப்போது தெரிந்துவிடும். ஆனால் கண்ணு, நான் சட்டைக்கு மேல் யோசித்ததில்லை, நீ யோசித்தாய். போன கடிதத்தில் நீ எழுதியது வேறு மனதில் உறுத்திக்கொண்டிருந்தது, இவ்வளவு எளிய கேள்விக்கு எதற்கு ஆராய்ச்சி என்று உன் பேராசிரியர் சொன்னது, கட்டுரையைத் திருப்பி அனுப்பியது, இதை விட்டுவிட்டு வேறு எடுக்கட்டுமா என்று நீ கேட்டது.

நேராக ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனேன். அவருக்கு மயக்கம் கொடுத்த டாக்டர், உன்னைப் போலவேதான், ஆனால் உன்னைவிடச் சின்னப் பெண், தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் அப்படியே இருக்க வெளியே வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் போடற மார்க்க நம்பாதீங்க டாக்டர்" என்றேன். முதலில் சிரித்தது. நீ சொன்ன கேள்வியைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னோடு வார்டுக்கு நடந்தது. மார்க் கேட்கவில்லை, "சார், ஒரு தடவ இருமிக் காட்டுங்க" என்றது. உன் அப்பா வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதுவரை அவர் போட்டதிலேயே பெரிய மார்க் எது என்று கேட்டது. ஏழு என்றார். "அப்ப உங்க மூணு மத்தவங்களுக்கு எட்டு சார்" என்று சொன்னதுதான் தாமதம், அந்த நிலைமையிலும் உன் அப்பா தலையை ஆட்டி, "ஏழுக்கு மூணுன்னா... பத்துக்கு நாலேகால்தான் வரும்" என்று திருத்தினார். மூச்சு வாங்குகிறது, கணக்கை விடவில்லை. சரி, அந்த நாலேகாலோடு ஒரே ஒரு தடவை இருமச் சொன்னது அந்தப் பெண். இவர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. படம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வயிற்றின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபடியே, காயத்துக்குப் போகிற நரம்புகள் மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலி மாத்திரையைக் கேட்டால்தான் என்று இல்லாமல் வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார்கள், சளிக்கும் காய்ச்சலுக்கும் தனி மருந்து. சாயந்தரம் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உன் அப்பா இருமினார் பார், வார்டே திரும்பிப் பார்த்தது, லாரி டிரைவர் கை தட்டினார். அந்த இருமலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின, காய்ச்சல் இறங்கியது, லாரி டிரைவரோடு வராந்தாவில் நடந்து வரும் அளவுக்குத் தேறினார். இப்போது அவர்கள் இருவரும் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்கிறார்கள், அது வேறு தொல்லை.

இந்தக் கேள்வி யார் சொல்லிக்கொடுத்தது என்று அந்த டாக்டர் கேட்டது. என் மகள் என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. வயிற்றில் ஆபரேஷன் ஆன எல்லாரையும் இனி இப்படியே கேட்கப்போகிறதாம், உனக்கு எழுத வேண்டும் என்று விலாசம் வாங்கிக்கொண்டது, பதில் போடாமல் இருந்துவிடாதே. முன்பெல்லாம் உன்னைப் பற்றி விசாரிப்பவர்கள், "மயக்கம் குடுக்கற டாக்டரா, அப்ப ஆபரேஷன் பண்ண மாட்டாளா?" என்று இழுப்பார்கள், நானும் என்ன சொல்வது என்று தெரியாமல் மழுப்புவேன். இப்போது தெருவில் யாரும் என்னிடம் தப்பிக்க முடியாது. வெட்டுகிறவர்கள் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கப்புறம் மனுஷனை எழுப்பி நடக்க வைக்கிறவள் என் மகள் என்று அளவு எடுத்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன், டேப்புக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எங்கே ஓடுவார்கள். ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நீ சொல்வாய், தெரியும். உன் பேராசிரியருக்கு ஆயிரம் பேர் வேண்டும், எனக்கு இந்த ஒரு ஆள் போதும். கட்டுரையைச் சரிசெய்து மறுபடியும் அனுப்பு, அவரிடம் சண்டை போடாதே, விடவும் விடாதே.

வீட்டுக்கு வந்த பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம், உங்கள் மகளின் ஆராய்ச்சிக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார், தெருவைப் பார்த்தார், டீ ஆறிப்போகிறது என்று நான் சொன்னதும் எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "அதுக்கு மார்க் போடற எடத்துல நான் இல்ல" என்றார். உன் அப்பா மார்க் போட மறுத்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நீ அச்சு அசல் உன் அப்பா. நல்லா இருக்கியா என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், "நல்லாதாம்மா இருக்கேன்" என்கிறாய், நானும் அந்த நர்ஸ் மாதிரி நம்பிவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன். இனிமேல் அப்படிக் கேட்கமாட்டேன். இந்த வாரம் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய். விடியும்வரை எழாமல் எந்த நாள் தூங்கினாய். கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது, யாரோடு. லீவு கேட்கலாம் என்று நினைத்துக் கேட்காமல் விட்டாயா. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் கையால் தூங்கியவர்கள் எல்லாரும் வலியில்லாமல் எழுந்து அவரவர் வீட்டுக்கு நடந்து போக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அப்பாவிடம் இதையெல்லாம் கேட்டுச் சண்டை பிடிக்காதே, தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. பதிலைக் கடை விலாசத்துக்கே போடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்து நெஞ்சு கொள்ளாமல் இருக்கும்
உன் அம்மா

பி.கு. இன்று காலையில் கடைக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சும்மா கேட்டு வைத்தேன், மகள் பக்கத்தில் இல்லாதது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, பத்துக்கு எத்தனை என்று. "மூணு" என்றார்.