நீ சைக்கிளை விட்டு இறங்கிய நாள்

மச்சான்,

நீ செத்த முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, ஸ்காபரோ வீட்டு கராஜுக்குள் கிடந்த என் பழைய சைக்கிளை வெளியே எடுத்தேன். சங்கிலியைத் துடைத்தபோது விரலில் ஈரத் துருவின் மணம் ஒட்டிக்கொண்டது. ஏரிக்கரையில், தானியம் சேர்த்துவைக்கும் அந்தப் பழைய சைலோக் கோபுரத்தடியில் அடித்த அதே மணம். இத்தனை வருடம் கழித்தும் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பாய். சிரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோ பார்க்டேலில் ஓர் அறையில் இரண்டு மெத்தை போட்டுக்கொண்டு இருந்தோம். ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். ஞாயிற்றுக்கிழமை மற்றப் பெடியள் படம் பார்க்கப் போக, நீ என்னைப் பழைய தொழிற்சாலைகளைப் பார்க்க இழுத்துக்கொண்டு போனாய். அந்த விசர் உனக்கு யப்பானில் பிடித்தது. கனடாவுக்கு வருமுன், கிட்டக்கியூஷு என்ற இரும்பு நகரத்துப் பட்டறை ஒன்றில், விசா முடிந்தும் இரண்டு வருடம் ஒளித்திருந்து வேலை செய்தவன் நீ. லீவு நாளில் சைக்கிளில் அந்த நகரத்தின் பழைய ஊதுலை, செங்கல் கட்டடங்கள், நிலக்கரித் துறைமுகம் எல்லாம் சுற்றியிருக்கிறாய்.

"குடாவைக் கடக்க ஒரு சின்னப் படகு, மச்சான். சைக்கிளோடையே ஏறலாம். ஒருத்தனும் ஐ.சி. கேக்கமாட்டான்."

அடையாள அட்டை கேட்காத படகு! எனக்கு அது தேவலோகக் கதைபோல இருந்தது.

ரொறன்ரோவில் தண்டவாள ஓரமாகப் பூட்டிக் கிடந்த ஆலைகளின் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பாய். நான் சுவரைப் பார்த்தது குறைவு. யாராவது வருகிறார்களா என்றுதான் பார்ப்பேன். ஊரில் ஆமிக்காரரின் சென்றிக் காவலரணைக் கண்டால் தூரத்திலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும். இறங்க மறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் இருவரும் கண்டிருக்கிறோம். கால் அதை மறக்கவில்லை. பார்க்டேலில் தபால்காரரைக் கண்டும் நான் இறங்கியிருக்கிறேன்.

"இஞ்சை உன்னை ஒருத்தனும் இறங்கச் சொல்லேல்லை. நீயாய் ஏன்ரா இறங்கிறாய்?" என்பாய். நீ ஒருநாளும் இறங்கியதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் உன் அகதி வழக்கை நிராகரித்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போகச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. ஒரு பொலிஸ்காரன் உன் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தால் போதும், கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அப்படியிருந்தும் அந்த ஞாயிறு மத்தியானம் சைலோ பார்க்கப் போகவேண்டும் என்று நின்றாய்.

சைலோவடி மூலை திரும்பியதும் நீலச் சீருடையில் ஒரு காவலாளி. அவன் எங்களைத் தடுக்கவே இல்லை. நீ தலையை ஆட்டிவிட்டு அவனைக் கடந்து போய்விட்டாய். என் கால் தரையில் நின்றது. தொப்பியைக் கழற்றினேன். அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். சும்மா நின்றவனுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. என்ன செய்தாய் என்று கேட்டான். நான் அட்டையை இன்னும் முன்னே நீட்டினேன். அவன் கை இடுப்பிலிருந்த வோக்கிரோக்கிக்குப் போனது.

நீ நூறு யார் தூரம் தள்ளிப் போயிருந்தாய். போ, போய்த் துலை, திரும்பாதே என்று மனதுக்குள் கத்தினேன். நீ திரும்பினாய். வந்து, இறங்கி, என் பக்கத்தில் நின்றாய். உன் தோள் என் தோளில் முட்டியது.

"எங்கள் ஊரில் இறங்காவிட்டால் சுடுவார்கள், சேர். இவன் இன்னும் பழகவில்லை," என்று உன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாய். அவன் பெயர் கேட்டான். பொய்ப் பெயர் சொல்லியிருக்கலாம். உண்மைப் பெயரைச் சொன்னாய். இரண்டு பெயரையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று எங்களை அனுப்பினான்.

பார்க்டேல் மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தோம்.

"நான் மாட்டினால் மாட்டிப்போட்டுப் போறன். நீ ஏன்ரா திரும்பி வந்தனி, விசரா?" என்று ஏசினேன். நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே போனாய்.

அந்தத் துண்டு எங்களைத் தின்றது. கதவு தட்டினால் நீ குளியலறைக்குள், நான் வாசலில். வீட்டுக்காரர் தட்டினாலும் அதே ஓட்டம். குளிர்காலம் முழுக்க அப்படிக் கழிந்தது. ஒருவரும் வரவில்லை. அடுத்த வருடம் வேறு விண்ணப்பத்தில் உனக்கு இங்கே தங்கும் கடதாசி சரிவந்தது. அன்றைக்குத்தான், ஏன் திரும்பி வந்தாய் என்பதை நான் கேட்காமலே சொன்னாய்.

"யப்பானிலை பட்டறை வாசலிலை இமிகிரேசன் வந்து என்னோடை இருந்த பெடியனைப் பிடிச்சவங்கள். அவன் என்ரை பேர் சொல்லிக் கூப்பிட்டவன்ரா. நான் சைக்கிளை மிதிச்சிட்டன். ஊதுலையடி தாண்டுமட்டும் திரும்பிப் பாக்கேல்லை."

போன ஞாயிறு சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். சைலோ கம்பிவேலிக்குள் இன்னும் நிற்கிறது. வேலியோரம் மிதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்தது. நான் இந்த நாட்டுப் பிரஜை. பேரப்பிள்ளை கண்டவன். ஆனாலும் இறங்கிவிட்டேன். கார் என்னைப் பார்க்காமலே போய்விட்டது.

அதற்குப் பிறகும் நான் ஏறவில்லை, மச்சான். நீ திரும்பி வரும் சத்தம் கேட்கும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.