கேள்விக்குறிக்குள் இருந்த பெயர்

இன்று காலையும் திரையில் அதே கேள்விக்குறிகள். நோயாளியின் விவரம் கேட்டு புரோகிராம் அனுப்பும் தேடல் கட்டளையான குவெரி, லாக் என்னும் பதிவில் பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோடுதான் விழுகிறது. உள்ளே போன பெயர் தெரிய வேண்டுமானால் நீ சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். கை கீபோர்டு வரை போய் நின்றுவிட்டது.

திருப்பதியில் இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அந்த வாரமே நான் மாட்டிக்கொண்டேன். யாரைத் தேடினாலும் "இல்லை" என்றது என் புரோகிராம். அதே குவெரியில் நோயாளிச் சீட்டில் இருந்தபடி பெயரைக் கையால் அடித்து ஓட்டினால் ஆள் கிடைக்கிறார். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து நகரவே இல்லை.

நீ டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்தாய். "இன்னாடி, கேள்விக்குறியையே பாத்துக்கினு கீற? உள்ள இன்னா போச்சுன்னு பாரு."

அந்த வரியைப் போட்டதும் தெரிந்துவிட்டது. இங்கே ஆந்திராவில் குடும்பத்தின் வீட்டுப்பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. திருத்தணிக்காரி நான், பழக்கதோஷத்தில் சொந்தப் பெயரை முதலில் அனுப்பியிருந்தேன். இந்தப் பக்கத்துப் புத்தலப்பட்டுக்காரி உனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. போகும்போது மட்டும் சிரிக்காமல் சொன்னாய்: "வேல முடிஞ்சா ஆஃப் பண்ணிடு. அடுத்தவங்க நோவெல்லாம் அதுல தெரியும்."

போன வருடம் ஒருநாள் அதை அணைக்க மறந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் லாக்கைத் திறந்தால் உன் வீட்டுப்பெயர், உன் பெயர், பக்கத்தில் புற்றுநோய்ப் பிரிவு.

நீ அடுத்த நாற்காலியில்தான் இருந்தாய். எப்படிக் கேட்பேன்? கேட்டால் பார்த்தது தெரிந்துவிடும். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். "ஒடம்பு கொஞ்சம் சொகமில்ல, அவ்ளோதான்" என்றாய். நானும் தலையாட்டினேன். மாதக்கணக்கில் அந்த இரண்டு நாற்காலிகளிலும் அடைபட்டுக் கிடந்தோம். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நீ தனியாக, புற்றுநோய்ப் பிரிவு இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போவாய். நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து கூட வர நான் ஒருநாளும் துணியவில்லை.

இன்று, நீ இல்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்தேன், பிழை கிடைத்தது, உடனே அணைத்தேன். அணைந்ததா என்று மூன்று முறை பார்த்தேன். இனி இப்படித்தான் பார்ப்பேன்.

உன் பெயர் இருந்த லாக்கை அன்றே அழித்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன்டி. கீழ்த்தளத்தில் நோயாளிகள் காத்திருக்கும் அந்த வரிசையில் உன்னோடு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.