சோளகத்துக்கு ஒரு கியர்

12.06.1993
என் மனைவி குணலட்சுமியின் தம்பி மார்க்கண்டு ஜெர்மனியிலிருந்து அனுப்பிய சைக்கிள் கியர் கிளாலிக் கடலேரி கடந்து வந்து சேர்ந்தது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் கியர் எதற்கு என்று பாதி நீர்வேலி கேட்டுவிட்டது. சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்தவன் கேட்கமாட்டான்.

வழியில் சோதித்தவர்கள் கியரை விட்டுவிட்டு, அதை இழுக்கும் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். எது ஆபத்தானது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருக்கிறது.

13.06
ஜூலை நாலாம் திகதி இணுவிலில் கல்யாணம். போன வருடம் இதே காற்றில் மூச்சு முட்டி, பட்டுச்சேலையோடு குணலட்சுமியை இறக்கி நடக்கவைத்தேன். அதற்குப் பிறகு அவள் என் கரியரில் ஏறவில்லை. இன்று அவளுடைய அண்ணன் சீவரத்தினம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "குணம், நீ என்னோடை வா. வாழைக்குலை ஏத்திற கரியர், தாங்கும்."

அவள் சிரித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

20.06
பின்சில்லைக் கழற்றி ஐந்து பல்லுச்சக்கரங்களையும் பூட்டினேன். கியரைத் தொங்கவிட்டு, அதன் இரண்டு குட்டி உருளைகளுக்குள்ளால் செயினை விட்டேன். கம்பிக்குப் பதில் குருநகர் மீனவர் சிமியோன் தந்த தங்கூசி, தூண்டில் போடுகிற நைலோன் நூல். சுறாவையே இழுக்குமாம். ஸ்ராண்டில் நிறுத்திச் சுழற்றினால் ஐந்திலும் ஏறி இறங்குகிறது. நான் ஏன் வாத்தியாரானேன்?

21.06
இதற்காகத்தான். லேசாக மிதிக்கவென்று பெரிய சக்கரத்தில் விட்ட செயின், கோப்பாய்க்குப் போவதற்குள் தானாகவே சிறியதற்கு இறங்கிவிட்டது. தங்கூசி இழுபடுகிறது. சுறாக்கள் முறையிட்டதில்லை போலும்.

28.06
இறுக்கினேன். இழுபட்டது.

02.07
குணலட்சுமி வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காத்துக்கு எதிரா மிதிக்க எது வேணும்?"

"பெரிசு."

"அப்ப மற்ற நாலும் ஆருக்கு?"

குனிந்து கியரைப் பார்த்தேன். செயின் எல்லை தாண்டாமல் காக்க, கியரில் இரண்டு திருகாணிகள் உண்டு. ஒன்றை முழுக்க முறுக்கினால் கியர் பெரிய சக்கரத்துக்கு நேரே தள்ளப்பட்டு நிற்கும். தங்கூசியே வேண்டாம். ஆணியின் நீளம்தான் போதவில்லை. தையல் மெசின் மூடியிலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தாள். நின்றது.

03.07
நாளை யாருடைய கரியர்? கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

04.07
சீவரத்தினம் படலையில் பெல் அடித்தார். "அண்ணை, நீங்கள் முன்னாலை போங்கோ," என்று சொல்லிவிட்டு என் கரியரில் ஏறினாள். காற்று முகத்தில் அறைந்தது. நடந்து போனவர்கள்கூட எங்களை முந்தினார்கள். ஆனால் நான் இறங்கவில்லை.

திரும்பும்போது காற்று பின்னால். என் கால்கள் பறந்தன, சைக்கிள் ஊர்ந்தது. சீவரத்தினம் முந்திக்கொண்டே, "என்ன மாஸ்ரர், தயிர் கடையிறியளோ?" என்றார். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரின் குறைகளையும் குணலட்சுமி ஆற அமரச் சொல்லி முடித்தபோதுதான் வீடு வந்தது. இவ்வளவு நேரம் நாங்கள் கதைத்து எத்தனை காலம்?

19.08
மார்க்கண்டு மறுபடி அனுப்பிய கம்பி பத்திரமாக வந்தது. "உதை இப்ப பூட்டாதேங்கோ," என்றாள் குணலட்சுமி. பாகற்கொடிக்குக் கட்டியிருக்கிறாள்.

நாளை வெள்ளிக்கிழமை. இணுவில் கோயிலுக்குப் போகவேண்டுமாம். கரியருக்கு மெத்தை தைத்தாகிவிட்டது.